ஐந்தாவது திரை

ஓட்டலுக்கு வயது நான்கு.
அதற்கு ஓர் ஐம்பத்தாறாம் வருடம் வேண்டுமாம்.

"பழைய போஸ்டர் மாதிரி" என்றாள் ரீமா ஹத்தாத்,
பிரெஞ்சுக் கடற்கரைகளின் நகல்களை
மேசையில் சீட்டுக்கட்டாய் விரித்தபடி.
எல்லாவற்றிலும் ஒரே பெண்;
தொப்பி விளிம்புக்குக் கீழே முகமில்லை,
உதடு மட்டும் உண்டு.
எல்லாவற்றிலும் ஒரே பாய்மரம்:
ஒரு வெள்ளை முக்கோணம், அதைத் தாங்க ஒரு கோடு.
அலை கிடையாது.
ஒரு நீலம், அதன்மேல் இன்னொரு நீலம்,
அவ்வளவுதான் கடல். நனையாமல் திரும்பலாம்.

எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.
முப்பது நிறம் கேட்கும் சாயங்காலத்தை
மூன்றில் முடித்திருக்கிறான் ஒருவன்.
எழுத்துகளை ஆளுயரத்துக்கு நிறுத்தி
அவற்றின் காலடியில்
ஊரைச் சின்னதாக உட்காரவைத்திருக்கிறான்.
பெயரைவிட ஊர் பெரிதாக இருந்தால்
யார் டிக்கெட் வாங்குவார்கள்?

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா பத்து.
டயர் கடைக்கும் ஏசி பழுதுபார்ப்பவனுக்கும் நடுவே அச்சகம்.
அஜ்மான் கடற்கரையை அங்கே வைத்து வரைந்தேன்.
அந்தக் கரையில் பாதி, பிறகு லாரியில் வந்த மணல்.
ஐம்பத்தாறில் அங்கே மீன் நீந்தியிருக்கும்.
மீன் நீந்திய இடத்தில் குடை நட்டேன்,
ஆரஞ்சும் வெள்ளையுமாய் எட்டு.

ஐந்து நிறம், ஐந்து திரை.
மணலுக்கு மஞ்சள். குடைக்கு ஆரஞ்சு. இரண்டு நீலம்.
கடைசியில் ஊதா, நிழல்களுக்கு மட்டும்.
கறுப்பே கூடாது என்பது அந்தக் காலத்துச் சாமர்த்தியம்:
விடுமுறையில் நிழல்கூடத் தித்திக்க வேண்டும்.

வலது ஓரம் காலியாக இருந்தது.
கண் அந்த வழியே நழுவி வெளியே போனது.
கண்ணை மறிக்க ஓர் ஆளை நிறுத்தினேன்,
தோளில் மடக்கிய குடையோடு.
இம்தாதுல்.
அளவெடுக்கப் போன மத்தியானம்
அந்தக் கரையில் நின்ற ஒரே ஆள்.
நீலச் சட்டை, முதுகில் உப்புப் பூத்திருந்தது.
உப்பை விட்டுவிட்டேன். முகமும் வைக்கவில்லை;
இந்தப் படங்களில் யாருக்குத்தான் முகம்?

ரீமாவின் மெயில் ஒரே வரி:
"அருமை. ஸ்டாஃப் வேண்டாம்."

நீலத்தில் அழித்தேன். ஆரஞ்சில் அழித்தேன்.
கால் நின்ற இடத்தை மஞ்சளால் மூடினேன்.

பழசாக்குவது சுலபம்.
பஞ்சில் கரக் டீ தொட்டு மூலைகளில் ஒற்ற வேண்டும்.
பிறகு ஆகஸ்டில் மூன்று நாள்
கூரைத் தகரத்தில் கிடத்தினால்
தாளுக்கு முப்பது வயது கூடிவிடும்.
எனக்கு இங்கே பதினோரு ஆகஸ்ட் ஆகிறது.
பெருக்கிப் பார்க்கவில்லை.

காய்ந்ததை அடுக்கும்போது ஜெகசோதி கேட்டான்:
"அண்ணே, இது யாரு?"
யாருமில்லை.
யாருமில்லாத மணலில்
ஊதாவில் நீளமாய் ஒரு நிழல்,
அதன் தோளில் குடை.
ஐந்தாவது திரையைத் தொட மறந்திருக்கிறேன்.
இருநூறு தாள் இழுத்தாகிவிட்டது.
"நிறுத்திரவா?"
"தாள் வீணாகும்" என்றேன்.
அதுதான் காரணமா என்று அவனும் கேட்கவில்லை.

லாபியில் இப்போது கண்ணாடிக்குள் தொங்குகிறது.
"அந்தப் பேரீச்சை நிழல்,
மரம் படத்துக்கு வெளியே நிற்கிற மாதிரி,
பிரமாதம்" என்றாள் ரீமா.
பில்லில் ஒரு திர்ஹமும் குறைக்கவில்லை.

ஒன்றைச் சுருட்டி இம்தாதுலிடம் கொண்டுபோனேன்.
காற்று பிடுங்காமல் நாலு மூலைக்கும்
நாலு செருப்பு வைத்துப் பார்த்தான்.
தன்னைத் தேடவில்லை. குடைகளை எண்ணினான்.

"சாயங்காலமா போட்டிருக்க?"
ஆமாம் என்றேன்.
"இல்ல. இந்தக் கரையில சாயங்காலம்
நிழல் ரோட்டுப் பக்கம் விழும்.
இது கடல் பக்கம் விழுது. காலை ஆறரை."

விரலை ஊதாமேல் வைத்தான்.
"எட்டு விரிச்சாச்சு.
இது ஒன்பதாவது."